வியாழன் வெளுத்த வழக்கு

உலகத்தில் இதுவரை கிடைத்த நியாயம் அத்தனையும் ஒரு மனிதரின் இடது புருவத்திலிருந்து கிடைத்தது. நீதிமன்றம், சட்டப்புத்தகம், கறுப்புக் கோட்டு எல்லாம் பிற்பாடு சேர்ந்த அலங்காரம். இதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் அந்தப் புருவத்தின் சொந்தக்காரரிடமே கேட்டுக்கொள்ளலாம். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

ஊரில் அவருக்குப் பெயரே புருவம் என்று ஆகிவிட்டது. தொழில், துப்பறிவது. சந்தேகத்துக்கு ஆளானவரின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். இடது புருவத்தை மெல்ல ஏற்றுவார். அது நெற்றியின் பாதியைத் தொடுவதற்குள் எதிரே இருப்பவர் தான் செய்ததோடு, பக்கத்து வீட்டுக்காரர் செய்ததையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிடுவார்.

"தடயம், கைரேகை எல்லாம் முகம் பார்க்கத் தெரியாதவன் பிழைப்புக்கு வெச்சுக்கிட்டதுடா" என்பார் உதவியாளனிடம். "அதுலயும் இந்த மனு எழுதறவன் இருக்கானே! வரிசையில நின்னு, டோக்கன் வாங்கி, இரவல் பேனாவுல 'ஐயா'ன்னு ஆரம்பிக்கிறவன். நியாயத்தைப் பிச்சை கேக்கிற கூட்டம்."

உதவியாளனுக்குப் பெயர் கொசுறு. அலுவலகத்தை வாடகைக்கு எடுத்தபோது ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் அவனும் சேர்ந்து வந்தார்கள். மின்விசிறி ஓடுவதை நிறுத்திக்கொண்டது. கொசுறின் வாய் நிறுத்திக்கொள்ளவில்லை.

"அப்ப நியாயம் நம்ம ஆபீஸ்ல மொத்த விலையில கிடைக்கும்னு போர்டு மாட்டிடலாமா பாஸ்?"

"வாயை மூடு. கட்சிக்காரர் வர்றார்."

வந்தவர் கோளரங்கத்தின் இயக்குநர். அவர்கள் உட்கார்ந்திருந்ததும் அவருடைய அறையில்தான். கோளரங்கம் என்பது கவிழ்த்த கிண்ணம் போன்ற மண்டபம். ஜனங்கள் நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தால் வானம் ஓடும், கோள்கள் உருளும். கூரை ஒழுகியதால் அரை வருஷம் மூடிக் கிடந்து, போன வாரம்தான் திறந்தார்கள். திறப்புக் காட்சியில் பூமி எழுந்தது. வெள்ளையாக. அடுத்து செவ்வாய் வந்தது. அதுவும் வெள்ளை. வியாழன் வந்தபோது முன்வரிசையில் ஒரு குழந்தை, "அம்மா, முட்டை" என்றது. அதோடு காட்சி முடிந்தது.

"படத்தையெல்லாம் யாரோ அழிச்சிருக்காங்க" என்றார் இயக்குநர். குரலில் எண்ணெய் போட்டிருந்தது. "பூமி, செவ்வாய், வியாழன், சனி, அப்புறம் ஏதோ ஒரு கல்லு. நிலா, மத்ததெல்லாம் நல்லா இருக்கு. விண்வெளி காட்டற மென்பொருள் ஒண்ணு இருக்கு, லினக்ஸ்ல ஓடுது. கோள்களுக்கு மேல்தோல், அதாவது உருண்டை மேல போர்த்தற படம், தயார் பண்ற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. இனிமே உங்க வேலை தேவைப்படாதுன்னு சூசகமா சொல்லியிருந்தேன். மறுவாரமே இப்படி."

"லினக்ஸ் யாரு பாஸ்?" என்று கொசுறு காதருகே கேட்டான். "அவனையும் கூப்பிட்டு விசாரிக்கலாமா?"

"தேவையில்லை" என்றார் புருவம். "அந்தம்மாவைக் கூப்பிடுங்க."

அவளைக் கட்டடத்தில் எல்லாரும் கோள்காரம்மா என்பார்கள். மண்டபத்தின் குளிர்சாதனத்துக்குப் பயந்து எப்போதும் ஒரு கம்பளிச் சால்வை. தலையில் பென்சில் செருகிய கொண்டை. மேசைமேல் அவளுடைய மடிக்கணினியை இயக்குநர் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். அவள் நாற்காலியைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தாள்.

புருவம் ஏறியது.

"ஏன் பண்ணினீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் இயக்குநர் குறுக்கிட்டார். மெதுவாக, கரிசனத்தோடு.

"புகார்னு போனா போலீஸ் இதைச் சாட்சிப் பொருள்னு எடுத்துட்டுப் போகும்மா. திரும்பி வர்றதுக்கு எத்தனை காலமோ. வருமோ வராதோ. உங்க உழைப்பெல்லாம் இதுலதானே இருக்கு? ஒத்துக்கிட்டு, விலகறேன்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா, இப்பவே கையோட எடுத்துட்டுப் போகலாம்."

புருவம் நெற்றியின் பாதியைத் தொட்டது. அவள் கையெழுத்துப் போட்டாள். சாட்சி என்ற இடத்தில் துப்பறிவாளர் கீழே இரண்டு கோடு இழுத்து, புள்ளி வைத்து, தன்னுடையதையும் போட்டார். அவள் மடிக்கணினியைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"பாத்தியா? கொடுத்த டீகூட இன்னும் ஆறல" என்றார் புருவம்.

"ஆறல பாஸ். ஈ விழுந்திருக்கு."

இயக்குநர் சிரித்த முகத்தோடு ஒரு பென்டிரைவை நீட்டினார். "சேதமான கோப்புகள். உங்க வழக்குக் கட்டுல இருக்கட்டும்." புருவம் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, வெற்றிபெற்றவர்கள் தட்டுவதுபோல மேலே ஒரு தட்டு தட்டினார்.

படியிறங்கும்போது கொசுறு நின்றுவிட்டான்.

"பாஸ், எனக்கு அந்தக் கல்லு உறுத்துது."

"செருப்பைக் கழட்டி உதறு."

"அந்தக் கல்லு இல்ல. வானத்துக் கல்லு. பழிவாங்கறவன் கார் கண்ணாடியை உடைப்பான், சரி. டிக்கியில கிடக்கிற பழைய செருப்பையும் எடுத்துக் கிழிப்பானா? யாருமே பாக்காத ஒரு கல்லை எதுக்கு மெனக்கெட்டு வெள்ளையடிக்கணும்? அதே சமயம் நிலா பளிச்சுன்னு இருக்கு. ஜனங்க முதல்ல பாக்கிறதே நிலாவைத்தான். அதை விட்டுட்டாங்களாம்!"

"குற்றவாளி மனசு விசித்திரமானதுடா."

"விசித்திரமா இருக்கலாம். சோம்பேறியாவும்தானே இருக்கும்? வேலையை விட்டுத் துரத்தறாங்கன்னு தெரிஞ்சும் ஓவர்டைம் பார்த்துக் கல்லை அடிச்சிருக்காங்கன்னா, அவங்களுக்குத் தங்க மெடல் கொடுத்து இங்கேயே வெச்சிருக்கணும்."

வாசல் பக்கம் திரும்பவேண்டிய முதலாளியின் கால் மாடிப்படியின் அடிப்பக்கம் திரும்பியது.

கோள்காரம்மாவின் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். சுவரெங்கும் வியாழனின் பட்டைகள், அச்சடித்துத் துண்டு துண்டாக ஒட்டியவை. அவள் மவுஸ் வயரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு கேள்வி" என்றான் கொசுறு. "அந்தக் கல்லு மேல உங்களுக்கு என்ன கோபம்?"

அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "கல்லா? அதுவும் வெள்ளையாயிடுச்சா?"

"தெரியாதா?"

"திறந்த நாள்லயிருந்து என்னை மெஷின் ரூம் பக்கமே விடலையே தம்பி. சாவி இயக்குநரோட மச்சினன்கிட்ட." ரப்பர் பேண்டு அவள் விரலிலேயே நின்றுவிட்டது. "அது பெயர்கூட இல்லாத கல்லு. வெறும் எண்தான். புதுசா எதைப் பழகினாலும் முதல்ல அதுமேலதான் செஞ்சு பாப்பேன். தப்பாப் போனாலும் யாரும் திட்ட மாட்டாங்க. கோள் படம் பெருசு, அப்படியே ஏத்தினா மெஷின் திணறும். அதனால இறுக்கிச் சுருக்கி வைக்கிற ஒரு வகை இருக்கு. அதைக் கல்லுல பழகிட்டு, அப்புறம் பூமி, செவ்வாய், வியாழன், சனின்னு வரிசையா..." குரல் மெல்ல நின்றது. "சுருக்கினதெல்லாம் போயிருக்கு."

"நிலா?"

"நிலாவைச் சுருக்கல. அது பழைய சாதாரணப் படம்."

கொசுறு தன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி சுவரில் இருந்த பட்டையைப் பார்த்தார்.

"பாஸ், பையில இருக்கிற பிணத்தைக் கொடுங்க."

"சாட்சிப் பொருளைத் தொடக்கூடாது."

"தொடல. செருகறேன்."

பென்டிரைவை மடிக்கணினியில் செருகினான். அதிலும் அதே லினக்ஸ், அதே மென்பொருள். அவள் கோப்பைத் திறந்தாள். இருட்டுத் திரையில் வியாழன் உருண்டு வந்தது. பழுப்பும் பாலேடும் கலந்த பட்டைகள், ஓரத்தில் சிவந்த சுழி, மேகத்துக்குள் மேகம். ஒரு கீறல் இல்லை. அடுத்து அந்தக் கல்லையும் திறந்தாள். குழி குழியாக, யாரும் பார்க்காவிட்டாலும் கர்வத்தோடு சுழன்றது.

"கொலையே நடக்கல பாஸ்" என்றான் கொசுறு. "பிணத்தைத் தூக்கிப் பக்கத்து வீட்ல வெச்சா எழுந்து உக்காந்து காபி கேக்குது. இவ்வளவு நேரமா நெஞ்சுல வெச்சுக்கிட்டுச் சுத்தறீங்க, மூச்சு விடறதுகூடத் தெரியலையா?"

புருவம் செருமினார். "அப்ப மண்டபத்துல ஏன் வெள்ளையாத் தெரிஞ்சுது?"

"குடையை மடிச்சு அனுப்பறோம்னு வெச்சுக்கோங்க" என்றாள் அவள். "வாங்கற இடத்துல அதை விரிக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கணும். ஆள் இல்லன்னா விரிக்காமலே கீழ வெச்சிடுவாங்க. அதுக்காகக் குடை கிழிஞ்சிடுச்சுன்னு அர்த்தமா? இந்தச் சுருக்கின படத்தை விரிக்கிறதுக்கு லினக்ஸ்ல ஒரு சின்னத் துண்டு மென்பொருள் வேணும். அது இல்லன்னா கோள் வெறும் உருண்டைதான். வெள்ளை உருண்டை. அந்த மெஷின்லேருந்து அதை யாரோ எடுத்திருக்காங்க."

"இதையெல்லாம் ஏம்மா அப்பவே சொல்லல?"

அவள் வயரைப் பைக்குள் வைத்தாள். "நீங்க ஏன் பண்ணினேன்னு கேட்டீங்க. பண்ணினியான்னு கேக்கவே இல்லையே சார்."

அறையின் கூரை தாழ்வானது என்பதால்தான் புருவம் தலையைக் குனிந்திருக்கவேண்டும். அப்படித்தான் கொசுறு எடுத்துக்கொண்டான்.

இயந்திர அறையில் இயக்குநரின் மச்சினன் காலைத் தூக்கி மேசைமேல் போட்டு, விசைப்பலகையின் இடுக்கைப் பல்துலக்கும் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தான். தூசி ஒரு துளி இல்லை. தரையில் வழுக்கிவிழப் பார்த்த கொசுறு சுவரைப் பிடித்துக்கொண்டான். சுவரும் வழுக்கியது.

"நீங்கதான் இந்த மெஷினைப் பாத்துக்கறீங்களா?"

"பாத்துக்கறேன்னு சாதாரணமா சொல்லிடறீங்க. சுத்தமா வெச்சிருக்கேன்!" மச்சினன் காலை இறக்கினான். பாராட்டுக்கு ஏங்கிய முகம். "நான் வந்தப்ப உள்ள என்னென்னமோ அடைச்சு வெச்சிருந்தாங்க. எனக்கு ஒரு கொள்கை. அரை வருஷமா எதை யாரும் கூப்பிடலையோ, அதைத் தூக்கிடு."

"அரை வருஷமா மண்டபமே மூடியிருந்துச்சே?"

"அதனாலதான் நிறையத் தூக்க முடிஞ்சுது."

கொசுறு சற்று நேரம் அவனை மரியாதையோடு பார்த்தான். இப்படிப்பட்டவர்களைத் தினமும் பார்க்கக் கிடைப்பதில்லை.

"அதுல கோள் படத்தை விரிக்கிற துண்டும் போயிடுச்சு, இல்ல?"

"அதான் திரும்பப் போட்டாச்சே!"

"எப்ப?"

"இப்பத்தான். திறப்புக் காட்சி அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு, அத்தான்கிட்ட உடனே சொல்லிட்டேன். ஒரு நிமிஷ வேலை, போட்டுடட்டுமான்னு கேட்டேன். கையை வைக்காத, நான் சொல்றப்ப போடுன்னாரு. இப்ப ஃபோன் பண்ணி, கையெழுத்து ஆயிடுச்சு, போட்டுடுன்னாரு. போட்டுட்டேன்." தூரிகையை ஊதினான். "ஏன், சரியா வரலையா?"

புருவமும் கொசுறும் மண்டபத்தை நோக்கி நடந்தார்கள். முதலில் நடை, பிறகு ஓட்டம்.

மண்டபம் இருட்டாக இருந்தது. தலைக்கு மேலே வியாழன், வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, அத்தனை பட்டைகளோடும் சுழன்றது. நடுவரிசையில் இயக்குநர் நாற்காலியைச் சாய்த்துப் படுத்திருந்தார். முகத்தில் பழுப்பும் சிவப்பும் மாறி மாறி ஓடின.

"அழகா இருக்கு, இல்ல?" என்றார். "அந்தம்மா கையில வித்தை இருக்கு. அதை நான் இல்லைன்னே சொல்லல."

"அவங்க எதையும் அழிக்கல" என்றார் புருவம். மூச்சு வாங்கியது.

"தெரியும்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"அதுவும் தெரியும். மச்சினன் பேசிட்டானா? வாயிலயும் அவன் எதையும் அடைச்சு வெச்சுக்க மாட்டான்." அவர் எழுந்து உட்கார்ந்தார். "நிரந்தர ஊழியரை வீட்டுக்கு அனுப்பக் காரணம் வேணும் சார். மண்டபம் மூடியிருந்தப்ப அவங்க வேலையில்லாமலே காலம் ஓடிடுச்சு. இவங்க எதுக்குன்னு மேல இருக்கறவங்க கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. வெள்ளை உருண்டை தானா வந்து நின்னுச்சு."

"கூப்பிடாததைத் தூக்கிடறது குடும்பக் கொள்கை போலிருக்கு" என்றான் கொசுறு. சொன்ன பிறகு அது நகைச்சுவையாக இல்லை என்று அவனுக்கே தெரிந்தது.

"உண்மையைக் கண்டுபிடிக்கத்தானே என்னைக் கூப்பிட்டீங்க?" என்றார் புருவம்.

"யார் சொன்னது?" இயக்குநர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "உங்க முன்னாடி உக்காந்தா எல்லாரும் ஒத்துக்கறாங்கன்னு சொன்னாங்க. அதான் கூப்பிட்டேன். பண்ணவங்க மட்டும்தான் ஒத்துப்பாங்கன்னு யாரும் சொல்லலையே."

"அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுங்க."

"அது மேலிடத்துக்குப் போயாச்சு. கீழ சாட்சின்னு உங்க கையெழுத்து. ரெண்டு கோடு, ஒரு புள்ளி. நல்ல கையெழுத்து."

புருவம் தன் ஆயுதத்தை எடுத்தார். இடது புருவம் ஏறியது. பாதி நெற்றியைத் தாண்டியது. முடியின் எல்லையைத் தொட்டது. வியாழனின் வெளிச்சத்தில் அது பயங்கரமாகத்தான் இருந்தது. இயக்குநர் அதை ஆர்வத்தோடு பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இறக்குங்க சார். ஏசி ஓடுது. சுளுக்கிக்கும்."

வெளியே பேருந்து நிறுத்தத்தில் கோள்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் மடிக்கணினி, தோளில் சால்வை. வெயிலில் அந்தச் சால்வை வேற்றூர் ஆளைப்போலத் தெரிந்தது. நடந்ததைக் கொசுறுதான் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப படம் எல்லாம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு அக்கா."

"பட்டையோட ஓரம் பிசிறில்லாம இருந்துச்சா? சுருக்கும்போது ஓரத்துலதான் கட்டம் கட்டமா உடையும். அதை மட்டும் சரிபண்ண எனக்கு ஒரு மழைக்காலமே போச்சு."

"பிசிறே இல்ல."

அவள் தலையாட்டினாள். அந்த ஒரு கணம் வேலையில் இருப்பவள்போலவே இருந்தாள். பிறகு பேருந்து வரும் திசையைப் பார்த்தாள்.

"வேற எங்க போய் வேலை கேப்பேன்? கோளுக்குத் தோல் தைக்கிறவ வேணும்னு எந்தக் கடையில போர்டு தொங்குது? அழிச்சவள்னு பேர் வேற. வீட்ல எங்கம்மா ஆரம்பிச்சிடுவாங்க, உனக்குக் கிரகம் சரியில்லடின்னு. கிரகம் நல்லாத்தாம்மா இருக்குன்னு எப்படிச் சொல்றது?" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "தொழிலாளர் அலுவலகத்துல மனு போடலாம்னு ஒருத்தர் சொன்னார். நாளைக்குப் போறேன். ஆனா நானே கையெழுத்துப் போட்டிருக்கேனே. மிரட்டி வாங்கினாங்கன்னு பாத்தவங்க யாராவது சொன்னாத்தான் எடுத்துப்பாங்களாம்."

பேருந்து வந்தது. ஏறினாள். ஜன்னலோரத்தில் மடிக்கணினியை மடியில் வைத்து அதன்மேல் சால்வையைப் போர்த்தினாள்.

திரும்பும் வழியெல்லாம் கொசுறுக்கு வாயில் ஏழெட்டு வசனம் ஊறியது. ஒன்றையும் துப்பவில்லை.

மறுநாள் அலுவலகம் பூட்டியிருந்தது. கொசுறு கதவை ஆட்டிப் பார்த்தான். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினான். "காலையிலேயே போயிட்டாரே, சாப்பிடக்கூட இல்ல" என்றாள் முதலாளியின் மனைவி. "உங்கிட்ட சொல்லலையா தம்பி?"

தொழிலாளர் அலுவலகத்தின் கூடம் கல்யாண மண்டபம்போல நிறைந்திருந்தது, சந்தோஷத்தைத் தவிர. முன்னால் எங்கோ ஒரு கம்பளிச் சால்வை தெரிந்தது. மனு கொடுப்பவர்கள் வரிசை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதைவிட நீளம், அதைவிட மெதுவாக நகர்வது. கொசுறு அதன் நடுவில் தன் முதலாளியைக் கண்டான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அவர் சன்னலை அடையும்வரை இவன் தூணுக்குப் பின்னால் நின்றான். போய்ப் பேசியிருக்கலாம். என்ன பேசுவது என்று தோன்றவில்லை. அவன் வாழ்க்கையில் அது புதிது.

"சாட்சியா?" என்றார் உள்ளே இருந்த எழுத்தர், நிமிராமல்.

"ஆமா."

"யார் பக்கம்?"

"அந்தம்மா பக்கம்" என்று புருவம் முன்னால் தெரிந்த சால்வையைக் காட்டினார். "அவங்க விலகல் காகிதத்துல சாட்சின்னு என் கையெழுத்து இருக்கு."

"அப்ப நீங்க எதிர்ப்பக்கத்துச் சாட்சியாச்சே?"

"அதைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்."

எழுத்தர் இப்போது நிமிர்ந்தார். "நான் போட்ட சாட்சி தப்புன்னு எழுதினா முதல்ல உங்களைத்தான் குடைவாங்க. தொழில் உரிமம் இருந்தா அதுக்கும் கேள்வி வரும். அப்படியும் அவங்களுக்கு வேலை கிடைக்கும்னு சொல்ல முடியாது. எதிர்ப்பக்கத்துக்காரங்க மேல்முறையீடு போவாங்க, வருஷக்கணக்கா இழுக்கும். யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சுட்டேன்."

"சொந்தக் கையெழுத்துல எழுதணும். அந்தப் பக்கம் பெஞ்சு இருக்கு. எழுதிட்டு மறுபடி வரிசையில வாங்க. கடைசியிலேருந்து."

அவர் வெள்ளைத்தாளோடு பெஞ்சுக்கு வந்தார். சட்டைப்பையைத் தடவினார், அதில் பென்டிரைவ்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். பெரியவர் மூடி தொலைந்த ஒரு பேனாவை நீட்டி, "மறக்காம கொடுத்துடுங்க" என்றார்.

புருவம் தாளை முழங்கால்மேல் வைத்து நீவினார். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேல்மூலையில், பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல அழுத்தி, 'ஐயா' என்று எழுதினார்.